அத்தான் இரைச்சல்

எங்கள் நிலையத்தில் புதிதாகச் சேருகிறவர்களின் காதில் முதல் வாரத்திலேயே ஒரு சொல் விழுந்துவிடும். திரையில் இருக்கக்கூடாத கோடு ஒன்று முளைத்தால், பக்கத்து நாற்காலிக்காரர் தலையைத் தூக்காமலே சொல்வார்: "முதல்ல அத்தானான்னு பாரு." புதியவர் திருதிருவென்று முழிப்பார். ஓம், ஆம்பியர், ஹெர்ட்ஸ் எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர்தான். ஆனால் அத்தான் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அந்த அத்தான் என் அத்தான்தான். கூடப் பிறந்த அக்காவின் கணவர். நான் இங்கே பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்தபோது அவர் கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பொறுப்பாளர். வேலைக்குச் சேர்ந்த அன்றே, பழக்க தோஷத்தில், நடைபாதையின் மறுமுனையில் போய்க்கொண்டிருந்தவரைப் பார்த்து, "அத்தான், சாப்பாட்டு டப்பாவ வீட்டுலயே விட்டுட்டீங்களாம்!" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான். அன்று மாலைக்குள் வாசல் காவலாளிக்கு அவர் அத்தான். பிறகு கேன்டீன்காரருக்கு. கடைசியில் நிலைய இயக்குநரே, நரைத்த மீசையை நீவிக்கொண்டு, "அத்தான கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று சொல்லுமளவுக்குப் போய்விட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது. அவருக்கு என்மேல் அதில் தீராத கோபம்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. உலகத்தில் வேறு எதைவிடவும் அவருக்குத் தன் பெயர்மேல்தான் ஆசை.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வானிலைச் செயற்கைக்கோள் அடிவானத்தின் ஒரு பக்கம் எழுந்து, தலைக்கு மேலே போய், மறுபக்கம் இறங்கும். இறங்குவதற்குள் அது அனுப்பும் மேகப் படத்தை எங்கள் ஆன்டெனா வாங்கிக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் திரும்பச் சொல்லாது. அந்தச் சன்னமான குரலை அமுக்கிவிடும் எதுவும் எங்கள் பாஷையில் இரைச்சல். ஆக, கன்ட்ரோல் ரூமில் உட்காருகிறவர் நாள் முழுக்கக் காத்திருக்கவும் வேண்டும், சந்தேகப்படவும் வேண்டும். அத்தானுக்கு இரண்டும் கைவந்த கலை.

மிச்ச நேரமெல்லாம் அவர் முன்னோடிகளோடு குடித்தனம் நடத்தினார். மின்சாரம், வானொலி, விண்வெளி என்று எந்தத் துறையில் யார் எதைக் கண்டுபிடித்தார், எந்த அலகுக்கு யார் பெயர், எல்லாம் அவருக்கு மனப்பாடம். நிலையத்து அறைகளுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். நீலப் பலகையில் பெயரும் அதன் கீழே சின்ன வாழ்க்கைக் குறிப்பும் அவரே எழுதி மாட்டினார். கேன்டீனுக்கு வோல்ட்டா. இரும்பு வலை அடித்த ஸ்டோர் ரூமுக்கு, கம்பிக்கூண்டு மின்சாரத்தை உள்ளே விடாது என்று காட்டிய பாரடே. கூட்ட அறைக்கு டாப்ளர், ஏனென்றால் அதற்குள் போகிறவர்கள் ஒரு சுதியிலும் வெளியே வருகிறவர்கள் வேறு சுதியிலும் பேசுகிறார்களாம். கழிவறைக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. யாரைப் பகைத்துக்கொள்வது என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

கன்ட்ரோல் ரூமுக்கு எதிரே பழைய பேட்டரிகள் கிடந்த சின்ன அறை ஒன்று உண்டு. அதற்கும் நீலப் பலகை மாட்டியிருந்தார். எழுத்து மட்டும் இல்லை. "இதுக்கு யாரு அத்தான்?" என்று கேட்டால், "பொருத்தமான ஆள் அமையட்டும்" என்பார், ஏதோ பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர் மாதிரி. யார் அந்த வரன் என்பது நிலையத்துக்கே தெரியும்.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட்டுக்கொண்டே தொடங்குவார்.

"மனுஷன் போனப்புறம் என்ன மிஞ்சுது சொல்லு? ஹெர்ட்ஸ் சின்ன வயசுலயே போயிட்டார். ஆனா இந்த வீட்டு ரேடியோ மேலகூட அவர் பேரு எழுதியிருக்கு."

"கரன்ட் பில்லுல உங்க பேரு இருக்கே, போதாதா?" என்பாள் அக்கா.

"நீ சும்மா இரு. ஜான்ஸ்கின்னு ஒருத்தர். டெலிபோன் கம்பெனில வேலை. லைன்ல எங்கிருந்து கரகரன்னு சத்தம் வருதுன்னு பார்க்கச் சொன்னாங்க. தேடிக்கிட்டே போனா, அது நம்ம பால்வீதிலேருந்து வருது! இன்னிக்கு வானத்து ரேடியோ அலைய அளக்கற அலகுக்கே ஜான்ஸ்கின்னுதான் பேரு."

"உயிரோட இருக்கும்போதே வெச்சாங்களா?"

"இல்ல. செத்து ரொம்ப நாள் கழிச்சு."

"அப்படியொரு பேரு நமக்கு வேணாம்" என்று அக்கா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிடுவாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால்தான் பெயர்மேல் இந்தப் பித்து என்று உறவில் சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளை பிறந்திருந்தால் அதற்கும் ஆம்பியர் என்று பெயர் வைத்து அதன் வாழ்க்கையைக் கெடுத்திருப்பார்.

அக்கா வீட்டிலேயே துணி தைத்துக்கொடுப்பவள். அவளுடைய தையல் மிஷினின் மோட்டார் ஓடினால் ரேடியோ கரகரக்கும். அத்தான் மாலையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்தால் போதும், அவள் சத்தமில்லாமல் மோட்டாரை நிறுத்திவிட்டு, காஜா எடுக்கவோ பட்டன் தைக்கவோ தொடங்குவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஒருவரும் பேசி முடிவு செய்ததில்லை. வீட்டில் எந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று இத்தனை தெளிவாகத் தெரிந்த மனிதருக்கு அலுவலகத்தில் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவருக்கு இடுப்புவலி வந்தது. கன்ட்ரோல் ரூமில் மிஷின்களுக்காக ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். மனிதர்கள் விறைத்துப்போவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அக்கா பார்த்தாள். கடைவீதியில் மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு ஒன்று வாங்கிவந்தாள். அதைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்து, திரைச்சீலை தைத்ததில் மிஞ்சிய பூப்போட்ட துணியில் உறையும் போட்டு, நாற்காலிக்கு அளவான குஷன் ஆக்கினாள். அத்தான் அதை எடுத்துவந்து தன் நாற்காலியில் போட்டு, ஒயரை மேசைக்கு அடியில், பெருக்குகிற அம்மா மட்டுமே குனிந்து பார்க்கும் பிளக்கில் சொருகினார்; ஷிப்ட் முடிந்ததும் பிடுங்கிவிட்டுப் போவார். அதில் உட்கார்ந்த வரைக்கும் வலி விட்டுவிட்டது.

இரைச்சல் வந்துவிட்டது.

சாதாரண இரைச்சல் இல்லை. திரையில் ஒரு கோடு எழும், சற்று நேரம் நிற்கும், படுத்துவிடும். பிறகு மறுபடி எழும். தாளம் தப்பாமல் துடிக்கும். அத்தான் உஷாரானார். மறுநாளும் வந்தது, அதற்கடுத்த நாளும். மற்றவர்கள் ஷிப்டில் மட்டும் வரவில்லை.

"எங்க ஷிப்ட்ல ஒண்ணும் வரலையே அத்தான்?" என்றார் இன்னொரு பொறுப்பாளர்.

"வந்திருக்கும். நீ பார்த்திருக்க மாட்டே."

"நான் என்ன கண்ண மூடிக்கிட்டா உக்காந்திருக்கேன்?"

"பார்க்கறது வேற, கவனிக்கறது வேற."

வானம் தனக்கென்று நேரம் பார்த்து அவரைத் தேடி வருகிறது என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. சந்தேகமே தொழிலாகக் கொண்டவர்!

ஆனால் சோம்பேறித்தனமாக நம்பினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் ஆன்டெனாவில் விடாமல் கேட்ட இரைச்சலைப் புறா எச்சத்தால் வருகிறது என்று நினைத்துத் துடைத்துப் பார்த்ததும், துடைத்தும் போகாத அந்த இரைச்சல் பிரபஞ்சம் பிறந்த காலத்து மிச்சம் என்று தெரிந்து நோபல் பரிசு வாங்கியதும் அவருக்குத் தெரியும். எனவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி, எங்கள் ஆன்டெனாவைத் தானே துடைத்தார். எங்கள் பிரிவைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கேபிளை மாற்று, ரிசீவரை மாற்று, எர்த் கம்பியைத் தோண்டிப் பார். எல்லாம் செய்தோம். கோடு துடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் மாற்றாத ஒரே பொருள் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி.

அடுத்து அவர் கண்டது இன்னும் விசேஷம். மழை கொட்டிக் குளிரும் நாளில் துடிப்பு அடிக்கடி வந்தது. வெயில் நாளில் நிதானமாக வந்தது. ஈரப்பதத்துக்கும் மேல்வானத்து மின்னடுக்குக்கும் ஏதோ தொடர்பு என்று வரைபடம் போட்டார். அந்த வரைபடம் நிஜமாகவே அழகு. ஒரு புள்ளிகூடப் பொய் இல்லை. அதை வைத்து அறிக்கை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு விஞ்ஞானி நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்ததும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதிர் அறையின் வெற்றுப் பலகையை அவர் ஈரத்துணியால் துடைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அக்கா புதுச் சட்டை தைத்தாள். சொந்தபந்தம் முழுவதற்கும் செய்தி போய்விட்டது.

"யாகி ஆன்டெனான்னு மாடி மாடியா நிக்குதே, அதுல பாதிக்கு மேல உழைச்சது உடான்னு இன்னொருத்தர்னு சொல்றாங்க. பேரு யாகிக்குப் போயிடுச்சு" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். "அதான் அறிக்கைல என் பேர ரெண்டு இடத்துல போட்டிருக்கேன்."

விஞ்ஞானி வருவதற்குச் சில நாள் முன்பு அத்தான் சாப்பிடப் போகும்போது என்னைக் கூப்பிட்டார். "மச்சினி, கொஞ்ச நேரம் இங்க உக்காரு. கோட்டப் பார்த்துக்க."

உட்கார்ந்தேன். இதமாக இருந்தது. அக்காவின் கைத்தையல், பூப்போட்ட துணி, கீழே மெல்லிய சூடு. கண் சொக்கும் நேரத்தில் தொடைக்கு அடியில் "டிக்" என்று ஒரு சத்தம். திரையில் கோடு எழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி "டிக்". கோடு படுத்தது.

முதுகுத்தண்டு சில்லிட்டது, உட்கார்ந்த இடமோ சுட்டது.

குனிந்து ஒயரைப் பிடுங்கினேன். கோடு வரவே இல்லை. சொருகினேன். வந்தது. விரிப்புக்குள் சூட்டை அளவாக வைக்கும் மலிவான தெர்மோஸ்டாட் ஒன்று; அது மின்சாரத்தைத் திறந்து மூடும்போதெல்லாம் எங்கள் ரிசீவர் அலறுகிறது. குளிர் நாளில் குஷன் சீக்கிரம் ஆறும், அதனால் அடிக்கடி திறக்கும். மேல்வானத்து மின்னடுக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அத்தான் கழுவிய டப்பாவை உதறிக்கொண்டே வந்தார். "வந்துச்சா?"

"வந்துச்சு."

"பார்த்தியா! நீயாவது பார்த்தியே!"

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதைப் பார்த்துவிட்டு உங்களால் சொல்லியிருக்க முடியுமென்றால் உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. அக்காவிடமும் வாய் திறக்க முடியாது. புருஷனின் வாழ்நாள் ஆசைக்குத் தன் கையாலேயே குழி தோண்டியிருக்கிறோம் என்று தெரிந்தால் அவள் இடிந்துபோவாள்.

ஆகவே நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். விஞ்ஞானி வரும் நாளன்று காலையிலேயே குஷனை எடுத்துப் பாரடே அறைக்குள் பூட்டிவைத்தேன். இரைச்சல் வராது. பார்த்தார்கள், கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மானம் கப்பலேறாது. நல்ல யோசனைதான் என்று இன்றும் சொல்வேன். அதன் பலன்தான் நன்றாக இல்லை.

வந்தவள் என்னைவிட இளையவள். பேச்சு கம்மி, பார்வை கூர்மை. அத்தான் புதுச் சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். குஷனைக் காணோம் என்று அவர் கவனித்ததாகவே தெரியவில்லை, கண்ணெல்லாம் திரையில். நேரம் போயிற்று. செயற்கைக்கோள் எழுந்தது, தலைக்கு மேலே போயிற்று, இறங்கியது. பல மாதங்களில் அத்தானின் ஷிப்டில் அப்படியொரு சுத்தமான படம் வந்ததில்லை.

"படம் பிரமாதமா இருக்கே" என்றார் இயக்குநர்.

அத்தானுக்கு அது எழவுச் செய்தி. "வரும் மேடம், வரும்" என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார். அடுத்த செயற்கைக்கோளும் வந்து போயிற்று. ஒன்றுமில்லை.

விஞ்ஞானி வரைபடத்தைப் புரட்டினாள். "சார், தப்பா நினைக்காதீங்க. நிஜத்துல அளந்த புள்ளி இவ்வளவு ஒழுங்கா அமையாது. இதெல்லாம் அளந்து போட்டதா, இல்ல..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தான் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓர் அளவைக்கூட மாற்றி எழுதாத மனிதர். முட்டாள் என்று பெயர் வாங்குவதிலிருந்து காப்பாற்றப் போய், நானே அவரைப் பொய்யர் ஆக்கிவிட்டிருந்தேன். இரண்டில் எது தேவலை என்று யோசிக்க எனக்கு நேரம் பிடிக்கவில்லை. ஓடிப்போய் பாரடே அறையைத் திறந்தேன்.

"அத்தான், உங்க குஷன். தூசி தட்ட எடுத்துட்டுப் போயிருந்தேன்."

"இப்ப இதுதான் முக்கியமா?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் வலி விடவில்லை. எழுந்து இடம் கொடுத்தார். போட்டேன். குனிந்து ஒயரைச் சொருகினேன்.

டிக்.

"வந்துடுச்சு!" அத்தான் துள்ளி எழுந்தார். "மேடம், பாருங்க! சார், பாருங்க! நான் சொன்னேன்ல!"

இயக்குநர் கோட்டைப் பார்த்தார், குஷனைப் பார்த்தார், அவர் மீசை ஆடத் தொடங்கியது. விஞ்ஞானி சிரிக்கவில்லை. தரையில் மண்டியிட்டு ஒயரைக் கண்ணால் தொடர்ந்து போனாள். "சார், இத ஒரு தடவ அணைச்சுப் பார்க்கலாமா?"

"எத?"

அணைத்தாள். கோடு படுத்தது. போட்டாள். டிக். கோடு எழுந்தது.

அத்தான் மெதுவாகக் குனிந்தார். அந்த இடுப்போடு குனிவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தன் கையால் அணைத்தார், போட்டார், அணைத்தார். திரும்பத் திரும்பச் செய்தார். நான் தடுக்கப் போனேன்; விஞ்ஞானி வேண்டாமென்று கை காட்டினாள்.

"மழை நாள்ல இது சீக்கிரம் ஆறிடும்" என்றார் அத்தான், யாரிடமும் இல்லாமல். "அதான் அடிக்கடி வந்திருக்கு."

"ஆமா சார்."

"அப்ப வரைபடம் சரி."

"வரைபடம் ரொம்பச் சரி சார். நான்தான் சந்தேகப்பட்டுட்டேன்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அறிக்கைல ஒரு வரிய மாத்தணும். எங்கிருந்து வருதுங்கற வரிய."

மாற்றினார். அன்றே மாற்றி அனுப்பினார். இரைச்சல் உண்டாகும் இடம்: பொறுப்பாளரின் நாற்காலி. பெயரை அப்போதும் இரண்டு இடத்தில் போட்டிருந்தார்.

வெளியே வரும்போது என்னைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கண்டுபிடிக்கல?"

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார், அழுகையை அடக்கத் தெரியாதவர்கள் சிரிப்பது போல. "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே. ராவெல்லாம் கண்ணு முழிச்சுத் தைச்சா."

அதற்குப் பிறகு குஷன் நாற்காலியிலேயே இருந்தது, ஒயர் மட்டும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு. ஓய்வு பெறும்வரை அந்தக் குளிரில் இடுப்புவலியோடு உட்கார்ந்தார். வீட்டில் போய், "உன் குஷன் இல்லேன்னா இந்நேரம் படுத்திருப்பேன்" என்று புளுகினார். அளவையில் பொய் சொல்லாதவர் அக்காவிடம் கூசாமல் சொன்னார்.

நிலையத்தில் சொல் பரவிவிட்டது. நாமே கொண்டுவந்து வைத்துவிட்டு வானத்தில் தேடும் இரைச்சலுக்கு அத்தான் என்று பெயர். யாரோ ஒருவரின் செல்போன் சார்ஜர் ஒரு அத்தான், மேசை விளக்கு ஒரு அத்தான். பிடிபட்டதையெல்லாம் அந்தப் பெயரில்லாத அறையில் போட்டு வைத்தார்கள். முதலில் கேலிதான். போகப் போக, தலைமை அலுவலகம் மற்ற நிலையங்களுக்கு அனுப்பிய கலைச்சொல் பட்டியலிலும் ஏறிவிட்டது, ஆம்பியருக்குச் சற்று மேலே. அந்த விஞ்ஞானியின் வேலையாக இருக்கும்.

பிரிவுபசாரத்துக்கு அக்காவும் வந்திருந்தாள். இயக்குநர் பேசினார்: "இந்த நிலையத்துல அத்தான்ங்கற சொல் இல்லாம ஒரு நாளும் போகாது. எந்த இரைச்சல் வந்தாலும் நாங்க முதல்ல தேடறது அத்தானத்தான்." பொய் ஒன்றும் இல்லை. கைதட்டல் ஓய்ந்ததும் எல்லாரையும் நடைபாதைக்கு அழைத்துப்போய் எதிர் அறையைக் காட்டினார்கள். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: அத்தான் அறை.

அக்கா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "உயிரோட இருக்கும்போதே வெச்சிட்டாங்களேடி" என்றாள். பிறகு என் காதோடு, "அப்படி என்னடி கண்டுபிடிச்சார்?"

அத்தான் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். கும்பிடாத குறை.

"ஒரு இரைச்சல்க்கா. எங்கிருந்து வருதுன்னு எங்க யாருக்கும் தெரியல. அத்தான்தான் எழுதி அனுப்பினார்."

"எங்கிருந்துதான் வந்துச்சாம்?"

"ரொம்பக் கிட்டத்துலேருந்து" என்றேன். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

அன்று மாலை அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளேயிருந்து ஒரு பெரிய பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். ஓய்வுக்கு அவள் தைத்த பரிசு. புதுக் குஷன். உட்காரவும் சாயவும் சேர்த்து, அதே பூப்போட்ட துணியில்.

"பழசு நல்லா உழைச்சிருக்கும். இது முதுகுக்கும் சூடு குடுக்கும்" என்று அவளே நாற்காலியில் விரித்து ஒயரைச் சொருகினாள். பிறகு, வழக்கம்போல, அவர் ரேடியோ கேட்கும் நேரமாயிற்று என்று மோட்டாரை நிறுத்திவிட்டு, பட்டன் டப்பாவோடு உள்ளே போனாள்.

அத்தான் சாய்ந்து உட்கார்ந்தார். ரேடியோவைப் போட்டார். செய்தி தொடங்கியது. டிக். கரகரவென்று ஒரே இரைச்சல், வாசிப்பவர் குரல் முழுகிப்போயிற்று. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் கை ஒயரில் இருந்த சுவிட்சை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்றது. பிறகு நீண்டு, ரேடியோவை அணைத்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? செய்தி வரலையா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

"எல்லாம் வந்துடுச்சு. நீ மிஷின ஓட்டு."

அக்கா மோட்டாரைப் போட்டாள்.